வீட்டுத் தையலும் இரண்டு இயந்திரங்களும்

வீட்டிலே தைத்த உடுப்பு ஒன்றையும் கடையிலே வாங்கிய உடுப்பு ஒன்றையும் அருகருகே வைத்து, இரண்டையும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். வெளிப்புறத்திலே வீட்டுத் தையல் ஒரு குறையும் இல்லாததாக இருக்கலாம். அளவிலே கடை உடுப்பைக் காட்டிலும் அது நன்றாகப் பொருந்தியும் இருக்கலாம். உட்புறத்தைப் பார்க்கும்போதுதான் சங்கதி தெரிகிறது. கடை உடுப்பின் மூட்டுகள் யாவும் நூலினாற் பின்னி மூடப்பட்டிருக்கும். வீட்டு உடுப்பிலோ வெட்டிய துணியின் ஓரம் வெறுமையாக நிற்கும். நாலைந்து முறை துவைத்த பின்னர் அவ்வோரம் பிசிர் பிசிராகப் பிரியத் தொடங்கும். உடுப்பு ரீசேட் ஆயின் இன்னொரு குறையும் உண்டு. அதன் அடிமடிப்புக் கடை ரீசேட்டிற் போல இரட்டை வரியாகத் தட்டையாய்ப் படிந்திராது. அலை அலையாக நெளிந்து நிற்கும். அல்லது தலை வழியே போடும்போது நூல் படக்கென்று அறுந்துவிடும்.

இவ்விரு குறைகளையும் தீர்ப்பதற்கு இரு வேறு இயந்திரங்கள் உள்ளன. ஓரத்தை வெட்டி மூடித் தைப்பது ஓவர்லொக் இயந்திரம். மடிப்பை இரட்டை வரியாகத் தைத்து அதன் அடிப்புறத்தை நூல்வலையால் மூடுவது கவர்ஸ்ரிச் இயந்திரம். எமது நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளிலே இரண்டாவதனைப் பெரும்பாலும் 'பிளாட்லொக்' என்றே அழைப்பர். ஆதலின் கவர்ஸ்ரிச் என்ற பெயரைக் கேட்டுப் பழகாதவர்கள் பிளாட்லொக் என்றதும் விளங்கிக்கொள்வர். வீட்டிலே சாதாரணத் தையல் இயந்திரம் ஒன்றை வைத்திருக்கும் ஒரு பெண், சீட்டுப் பிடித்தோ சேமித்தோ இன்னும் ஓர் இயந்திரத்துக்கு மட்டும் பணம் சேர்த்திருக்கிறாள். அவள் இவ்விரண்டினுள் எதை வாங்க வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுவது.

இஃது அந்நிய நாட்டு ஆடம்பரக் கேள்வி என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று. சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலே இலங்கையில் வியாபாரம் தொடங்கியது. காலால் மிதித்து ஓட்டும் அந்நிறுவனத்தின் இயந்திரம் பின்னர் எத்தனையோ வீடுகளிற் சீதனப் பொருளாகவும் சீவனோபாயமாகவும் இடம்பெற்றது. 1978இல் கட்டுநாயக்கா வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொழிற்சாலைகளைக் கிராமப்புறங்களுக்குக் கொண்டுசென்றது. 2009இல் போர் முடிந்த பின்னர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அத்தகைய தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கே சில ஆண்டுகள் வேலை செய்து, கலியாணமாகியோ பிள்ளைகளைப் பார்க்கவோ வீடு திரும்பிய பெண்கள் பலர் இவ்வியந்திரங்களைக் கையாளத் தெரிந்தவர்கள். ஆனால் தொழிற்சாலையிலே ஒருத்தி ஓவர்லொக்கில் இருப்பாள், மற்றொருத்தி பிளாட்லொக்கில் இருப்பாள். ஒருத்தியின் வேலை முடியும் இடத்தில் அடுத்தவளின் வேலை தொடங்கும். வீட்டிலே எல்லாம் ஒருத்தியே. எனவேதான், எது இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும், எது இல்லாவிட்டாலும் வேறு வழியிற் சமாளிக்கலாம் என்ற கணக்கைப் போட வேண்டியிருக்கிறது.

முதலிலே, வீட்டில் ஏற்கனவே இருக்கும் இயந்திரம் என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். எலியஸ் ஹோ என்பவர் 1846இலும், ஐசாக் சிங்கர் என்பவர் 1851இலும் அமெரிக்காவிலே உரிமைப் பத்திரம் பெற்ற இயந்திரங்களின் வழி வந்தது அது. மேலே ஊசிநூல் ஒன்று, கீழே பொபின் நூல் ஒன்று. இரண்டும் துணியின் நடுவிலே ஒன்றையொன்று கொளுவி இறுகுகின்றன. இத்தையல் நூலைச் சிக்கனமாகச் செலவழிக்கும். ஓரிடத்தில் அறுந்தாலும் முழுவதும் கழன்று வராது. நெய்த துணிக்கு இதனிலும் நல்ல மூட்டுத் தையல் வேண்டியதில்லை. ஆனால் துணி இழுபட்டால் இது இழுபடாது. பின்னல் துணி ஒரு சாண் இழுபட்டு ஒன்றரைச் சாணாக நீளும்போது நேர்த் தையல் நீளுவதற்கு நூலில் மிச்சம் இல்லை. அதனாலேதான் அது அறுகிறது. தைத்தவளின் கைக்குற்றம் அதில் எதுவும் இல்லை.

ஓவர்லொக் இயந்திரத்தின் பிறப்பிடம் அமெரிக்காவின் கனெற்றிகட் மாநிலம். அங்கே பின்னல் ஆலை நடத்திய மெரோ குடும்பத்தார், தமது ஆலைத் துணிகளின் ஓரத்தை முடிப்பதற்காக 1881இல் இதனை உருவாக்கினர். நெடுங்காலம் ஆலைகளுக்கே உரியதாக இருந்த இவ்வியந்திரம், 1960களிலே ஜப்பானியர் சிறிய வடிவில் அமைத்த பின்னரே வீட்டு மேசைக்கு வந்தது. இதிலே பொபின் கிடையாது. பொபினுக்குப் பதிலாக 'லூப்பர்' எனப்படும் வளைந்த கொக்கிகள் இரண்டு உண்டு. ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அசைந்து, துணியின் ஓரத்தைச் சுற்றி நூலைக் கொண்டுவந்து ஊசிநூலுடன் பிணைக்கின்றன. ஊசிக்குச் சற்று முன்னே ஒரு கத்தி இருக்கிறது. அது துணியின் மிச்ச ஓரத்தை வெட்டிக்கொண்டே போகும். ஆகவே வெட்டுதல், இணைத்தல், மூடுதல் ஆகிய மூன்று வேலைகளும் ஒரே ஓட்டத்தில் முடிகின்றன. வீட்டுக்குரிய ஓவர்லொக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1300 முதல் 1500 தையல் வரை போடும். தொழிற்சாலை இயந்திரம் 5000க்கும் மேலே போகும்.

அந்தக் கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். ஏனெனில் எங்கள் வீடுகளிலே பிள்ளைகளின் உடுப்பைத் தைக்கும்போது உள்ளே விடுதுணி வைப்பது வழக்கம். பிள்ளை வளரும், அடுத்த வருடம் மூட்டைப் பிரித்து ஓர் அங்குலம் தளர்த்திக் கொடுக்கலாம். இரண்டு துணிகளையும் சேர்த்து ஓவர்லொக்கில் ஓட்டினால் அந்த விடுதுணி முழுவதும் துண்டு துண்டாகத் தரையிலே விழும். தளர்த்துவதற்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே பாடசாலைச் சீருடை தைப்பவர்கள் வேறு முறையைக் கையாள வேண்டும். வெட்டிய ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் தனித்தனியே, கத்தி நுனி பிசிரை மட்டும் தொடும்படி, ஓவர்லொக் செய்துவிட வேண்டும். அதன் பின்னர் விடுதுணியை உள்ளே வைத்துச் சாதாரண இயந்திரத்திலே மூட்டைத் தைக்க வேண்டும். நேரம் சற்றுக் கூடும். ஆனால் உடுப்பு இரண்டு வருடம் உழைக்கும். குண்டூசிகளைக் கத்திக்கு எட்டாதபடி தள்ளிக் குத்த வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. ஊசி ஒன்றை வெட்டிய கத்தி அதன் பின் துணியை ஒழுங்காக வெட்டாது.

ஓவர்லொக்கிலே உள்ள இன்னொரு நன்மை, துணியைப் பின்னே தள்ளும் பற்கள் முன்னொன்று பின்னொன்றாக இரு கூறாய் அமைந்திருத்தல். முன்பற்கள் வேகமாகவும் பின்பற்கள் மெதுவாகவும் ஓடும்படி திருப்பினால் இழுபடும் துணி அலையாமல் தைபடும். மாற்றித் திருப்பினால் மெல்லிய துணி சுருங்காமல் விறைப்பாக நிற்கும். இவ்வசதி இல்லாத இயந்திரத்தை, விலை எவ்வளவு குறைவானாலும், பின்னல் துணிக்காக வாங்குவது வீண்.

இனிக் கவர்ஸ்ரிச். இதன் மூதாதை சங்கிலித் தையல். பிரான்ஸ் நாட்டுத் தையற்காரரான பார்த்தலமி திமோனியே 1830இல் உரிமைப் பத்திரம் பெற்ற இயந்திரம் சங்கிலித் தையலைத்தான் தைத்தது. தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய பாரிஸ் நகரத் தையற்காரர் அடுத்த ஆண்டு அவருடைய இயந்திரங்களை அடித்து நொறுக்கினர். தையல் இயந்திரத்தின் வரலாறு எவ்விடத்தும் வயிற்றுப்பாட்டின் வரலாறுமாய் இருந்திருக்கிறது. கவர்ஸ்ரிச் இயந்திரத்திலே இரண்டு அல்லது மூன்று ஊசிகள் அருகருகே நிற்கும். கீழே லூப்பர் ஒன்றே. அது எல்லா ஊசிநூல்களையும் தொடுத்துக்கொண்டு போவதால், மேற்புறத்தில் நேரான இரண்டு அல்லது மூன்று வரிகளும், அடிப்புறத்தில் ஏணிப்படி போன்ற வலையும் உண்டாகின்றன. அவ்வலையில் நூல் தாராளமாக இருப்பதால் துணி இழுபடும்போது தையலும் கூடவே இழுபடும். கத்தி கிடையாது. ஆதலின் துணியின் நடுவிலும் தைக்கலாம். மடிப்பு, கழுத்துப் பட்டி, உள்ளாடைக்கு இலாஸ்ரிக், சரிகை போன்றவற்றைப் பிடிக்கலாம். ஆனால் இரண்டு துண்டுகளின் ஓரங்களை இணைத்து, மிச்சத்தை வெட்டி, மூடித் தருவது அதனால் ஆகாது.

இவ்வியந்திரத்துக்குச் சில பிடிவாதங்களும் உண்டு. மடிப்பின் வெட்டோரம் துணிக்கு அடியிலே கிடப்பதால், வலை அதனை மூடுகிறதா இல்லையா என்பது தைப்பவரின் கண்ணுக்குத் தெரியாது. மடிப்பின் அகலத்தை முதலிலே தேய்த்து, ஒரே அளவாக ஓட்டப் பழக வேண்டும். பக்கமூட்டின் தடிப்பைத் தாண்டும் இடத்திலே தையல் தப்பிப்போவதும் சாதாரணம். கடைசித் தையலை முடிச்சிடாமல் விட்டால், அடிநூலை ஒரு முனையிலே பிடித்திழுத்ததும் மடிப்பு முழுவதும் கண் முன்னே கழன்றுபோகும். வட்டமான மடிப்பிலே தொடக்கத்தின் மேல் நாலு தையல் ஏறும்படி ஓட்டி, ஊசிநூல்களை அடிப்புறம் இழுத்து முடிந்துவிட வேண்டும். குழந்தைச் சட்டையின் சிறிய கையாயின், பக்கமூட்டைப் பொருத்து முன்னரே மடிப்பைத் தைத்துவிடுவது எளிது.

பலரிடத்தும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. ஓவர்லொக் என்பது ரீசேட் தைப்பதற்கே என்று அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையிலே பின்னல் துணியின் ஓரம் நெய்த துணியைப் போலப் பிசிர்விட்டுப் பிரிவதில்லை. அது சுருளும், சில வகைகளிலே கண்ணி ஓடும், அவ்வளவே. வெட்டிய இடத்தில் நூல் நூலாகக் கழன்று போவது நெய்த துணிதான்: சீருடை வெள்ளைத் துணி, சேட்டுத் துணி, சல்வார்த் துணி, சாறிச் சட்டைக்குரிய மெல்லிய பட்டு ஆகியவை. ஆகவே ஓவர்லொக்கின் பேருதவி நெய்த துணிக்கே. கவர்ஸ்ரிச்சுக்கோ நெய்த துணியிலே அநேகமாக வேலையே இல்லை. சேட்டின் அடியை இரண்டாக மடித்துச் சாதாரண இயந்திரத்திலே ஓட்டிவிடுகிறார்கள். அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை.

தென்மராட்சிக் கிராமம் ஒன்றிலே விறாந்தையில் இயந்திரத்தைப் போட்டு அயலவர்க்குத் தைத்துக்கொடுக்கும் ஒரு பெண்ணின் வருடத்தை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். முதலாந் தவணை தொடங்குமுன் மார்கழியும் தையும் வெள்ளைச் சட்டைகளும் சேட்டுகளும் காற்சட்டைகளுமாகவே கழியும். அதையடுத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நிறம் நிறமாக ரீசேட்டுகள் கேட்டு வருவார்கள்; ஆனால் அவற்றிற் பெரும்பகுதி ஆயத்த உடுப்பாகவே வாங்கப்படும். பின்னர் கலியாணக் காலத்துச் சாறிச் சட்டைகள், ஆடியில் நல்லூர்த் திருவிழாவுக்குச் சட்டை பாவாடைகள், ஐப்பசியிலே தீபாவளி. இடையிடையே இரவு உடுப்பு, தலையணை உறை, யன்னல் திரை. ஒரு சேட்டிலே இரு தோள்மூட்டு, இரு கைமூட்டு, இரு பக்கமூட்டு என்று ஓரம் மூட வேண்டிய இடங்கள் ஆறுக்குக் குறையாது. இந்த வருடம் முழுவதிலும் கவர்ஸ்ரிச்சை நாடும் நாள்கள் மிகச் சில. அவள் பணத்தை அதிலே போட்டால் மீதி நாளெல்லாம் அது துணி போர்த்தியபடி மூலையில் நிற்கும். சீருடைகளின் ஓரமோ பழையபடி பிசிர்விடும். இப்படிப்பட்டவளுக்கு ஓவர்லொக்கே முதல் இயந்திரம் என்பதில் ஐயமில்லை. வீட்டிலே தைப்போருட் பெரும்பான்மையோர் இவ்வகையினரே.

வேறு வகையினரும் இருக்கின்றனர். தொழிற்சாலையில் இருந்து திரும்பி, குழந்தை உடுப்பும் உள்ளாடையும் ரீசேட்டும் மாத்திரம் தைத்துக் கடைக்குக் கொடுக்கும் ஒருத்தியை எடுத்துக்கொண்டால் கணக்கு மாறுகிறது. அவளது பழைய இயந்திரம் சிக்சாக் தையல் போடக் கூடியதா என்று முதலிலே கேட்க வேண்டும். போடுமாயின், மூட்டுகளை ஒடுக்கமான சிக்சாக்கினாலே தைத்துவிடலாம். அது இழுபடும், துணியும் பிசிர்விடாது, உட்புறத்தை எவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. மடிப்போ எல்லார் கண்ணுக்கும் தெரிவது. கடைக்காரர் கையில் எடுத்ததும் முதலிலே பார்ப்பது அதைத்தான். அந்நிலையிலே கவர்ஸ்ரிச் முதலிடத்தைக் கேட்கும் உரிமை பெறுகிறது. ஆனால் அவளது இயந்திரம் நேர்த் தையல் மாத்திரமே அறிந்த பழைய மிதி இயந்திரமாயின், மூட்டே நில்லாது. மடிப்பு எவ்வளவு அழகாயிருந்தும் பயன் இல்லை. அங்கே மறுபடியும் ஓவர்லொக்கே முந்துகிறது. மேலும், எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவளுக்குச் சிக்சாக் மிக மெதுவானது. அவள் எதை முதலில் வாங்கினாலும், தொழில் நிலைத்தால் மற்றதையும் நாளடைவிலே வாங்கத்தான் நேரும்.

ஓவர்லொக்கை மாத்திரம் வாங்கியவள் ரீசேட் மடிப்புக்கு என்ன செய்வாள்? மடிப்பே இல்லாமற் செய்துவிடுவது ஒரு வழி. கழுத்திலும் கையிலும் அடியிலும் அதே துணியிலிருந்து இரண்டாக மடித்த பட்டியை வெட்டி ஓவர்லொக்கினால் இணைத்துவிட்டால், மடித்துத் தைக்கும் தேவையே எழாது. விளையாட்டு உடுப்புக்கு அது அழகாகவும் இருக்கும். இரண்டாவது வழி இரட்டை ஊசி. ஒரே காம்பில் இரண்டு ஊசிகள் பொருத்தப்பட்ட இதனைச் சிக்சாக் இயந்திரத்திலே மாட்டி, மேலே இரண்டு நூல்களைக் கோத்தால், பொபின் நூல் அடியிலே குறுக்கும் மறுக்குமாக ஓடும். மேற்புறத்தில் இரட்டை வரி கிடைக்கும். மேல்நூலின் இறுக்கத்தைக் குறைத்து, பின்னல் துணிக்குரிய உருண்டை முனை ஊசியையே வாங்க வேண்டும். இல்லையேல் இரு வரிகளுக்கும் நடுவே துணி வரம்பு கட்டியதுபோல எழுந்து நிற்கும். இத்தையல் கவர்ஸ்ரிச்சுக்கு நிகரானதன்று; பலமாக இழுத்தால் அறும். ஆயினும் வருடத்துக்குப் பத்து ரீசேட் தைப்பவளுக்கு அது போதும். இதற்கு எதிர்மாறாக, கவர்ஸ்ரிச்சை மாத்திரம் வாங்கியவள் சீருடையின் ஓரத்தை அதைக் கொண்டு மூட முடியாது. அவளுக்குச் சிக்சாக், அல்லது ஓரத்தை உள்ளே மறைத்து இருமுறை ஓட்டும் பிரெஞ்சு மூட்டு, அல்லது பட்டி வைத்துக் கட்டுதல் என்பனவே கதி. அவை யாவும் நல்லவை. ஆனால் முப்பது சீருடையை ஒரு வாரத்தில் முடிக்க வேண்டியவளுக்கு ஏற்றவையல்ல.

இரண்டையும் ஒன்றாக்கிய இயந்திரங்களும் கடையிலே உண்டு. கேட்கும்போது இதைவிடச் சிறந்தது வேறில்லை என்று தோன்றும். ஆனால் ஓவர்லொக்கில் இருந்து கவர்ஸ்ரிச்சுக்கு மாற்றுவதற்குக் கத்தியை ஒதுக்க வேண்டும், மேல் லூப்பரை நிறுத்த வேண்டும், ஊசிகளை இடம்மாற்ற வேண்டும், நூலை மறுபடி கோக்க வேண்டும், இறுக்கங்களைச் சரிபார்க்க வேண்டும். ஒரு ரீசேட்டுக்குள்ளேயே இருமுறை இவ்வாறு மாற்ற நேர்ந்தால் பொறுமை கெட்டுவிடும். வீட்டில் ஒரு மேசைக்கு மேல் இடமில்லாதவர்க்கும், பல உடுப்புகளின் மூட்டுகளை ஒரு நாளும் மடிப்புகளை மறுநாளும் தைக்கக் கூடியவர்க்கும் அது உதவும். மற்றவர்கள் தனி ஓவர்லொக் ஒன்றை வாங்கி, பின்னர் தனிக் கவர்ஸ்ரிச்சுக்குச் சேர்ப்பதே மேல். பொதுவாகக் கவர்ஸ்ரிச்சே விலை கூடியது. 2022ஆம் ஆண்டிலே ரூபாயின் மதிப்பு வீழ்ந்ததன் பின்னர் இறக்குமதி இயந்திரம் எதனையும் இருமுறை யோசியாமல் வாங்க முடிவதில்லை.

இயந்திரத்தின் விலையோடு நூலின் செலவையும் கணக்கிட வேண்டும். பலர் இதனை மறந்துவிடுகின்றனர். சாதாரணத் தையலிலே ஒரு மீற்றர் மூட்டுக்கு ஏறத்தாழ இரண்டரை மீற்றர் நூல் போகும். மூன்று நூல் ஓவர்லொக்குக்கு ஏறத்தாழ 14 மீற்றர். இரண்டு ஊசிக் கவர்ஸ்ரிச்சுக்கு ஏறத்தாழ 18 மீற்றர். சிறிய நூற்கட்டைகளை வைத்து இவ்வியந்திரங்களை ஓட்டினால் கைம்முதல் கரைந்துபோகும். பெரிய கூம்புகளாகவே வாங்க வேண்டும். நாலு நூல் இயந்திரத்துக்கு ஒரே நிறத்தில் நாலு கூம்பு. எல்லா நிறத்திலும் வாங்குவது இயலாத காரியம். வெள்ளை, கறுப்பு, சாம்பல் ஆகிய மூன்றை வைத்துக்கொண்டு, மூட்டை விரித்தால் வெளியே தெரியக் கூடிய இடப்புற ஊசிநூலை மாத்திரம் துணியின் நிறத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சீருடை தைப்பவளுக்கு இங்கும் ஒரு வாய்ப்பு: வருடத்தின் பாதியை வெள்ளை நூலிலேயே ஓட்டிவிடலாம். கவர்ஸ்ரிச்சிலோ ஊசிநூல் இரண்டும் வெளியே தெரிவன. இரண்டும் பொருந்தியாக வேண்டும்.

நூல் கோப்பதற்கு அஞ்சியே ஓவர்லொக்கை வேண்டாம் என்பவர்கள் உண்டு. அந்த அச்சம் அவசியமற்றது. பெரும்பாலான இயந்திரங்களில் முதலிலே மேல் லூப்பர், அடுத்துக் கீழ் லூப்பர், கடைசியாக ஊசிகள் என்ற ஒழுங்கிலே கோக்க வேண்டும். ஊசியை முன்னரே கோத்துவிட்டுக் கீழ் லூப்பரைக் கோத்தால் நூல் உடனே அறும். பலர் இயந்திரம் பழுது என்று மடக்கி வைப்பது இதனாலேதான். நிறம் மாற்றும்போது எல்லாவற்றையும் உருவி எடுக்க வேண்டியதுமில்லை. பழைய நூலைக் கூம்பின் அருகே வெட்டி, புதிய நூலை அதிலே முடிந்து, மெல்ல இழுத்துக்கொண்டால் போதும். ஊசிக்கண் மாத்திரம் முடிச்சுக்கு இடங்கொடாது. அங்கே வெட்டிக் கையாற் கோக்க வேண்டும்.

தொழிற்சாலைகள் கழித்துவிட்ட பழைய இயந்திரங்கள் நகரங்களிலே விற்பனைக்கு வருகின்றன. அவை உறுதியானவை; நாள் முழுவதும் ஓடினாலும் களைப்பதில்லை. ஆனால் மேசையோடு கூடியவை, பாரமானவை, எண்ணெய் வார்க்க வேண்டியவை. பழைய மோட்டர், தைக்காத நேரத்திலும் இரைந்துகொண்டு மின்சாரத்தைக் குடிக்கும். மிதிக்கும்போது மாத்திரம் ஓடும் சேர்வோ மோட்டர் பூட்டியதைத் தேடி வாங்குவது நல்லது. ஐந்து நூல் இயந்திரம், ஓரத்தை மூடுவதோடு பக்கத்திலே சங்கிலித் தையல் ஒன்றையும் போடுவதால், காற்சட்டை மூட்டுக்கு மிக உறுதியானது. ஆனால் இரு துணிகளையும் சேர்த்தே அது தைப்பதால் விடுதுணி வைக்கும் வழக்கத்துக்கு ஒத்துவராது. ஜப்பானில் இருந்து பாவித்த நிலையில் வரும் வீட்டு இயந்திரங்களைக் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. அந்நாட்டு மின்சாரம் 100 வோல்ற், இங்கு 230. மின்மாற்றி இல்லாமற் சொருகினால் மோட்டர் கருகிவிடும்.

எதையும் வாங்காமல் விடுவதும் ஒரு தெரிவே. மாதத்துக்கு இரண்டு மூன்று உடுப்பு மாத்திரம் தைப்பவர்கள், வெட்டிய துண்டுகளைச் சந்தியிலுள்ள தையற்கடைக்குக் கொண்டுபோய்ச் சிறு கூலிக்கு ஓரத்தை ஓவர்லொக் செய்துகொண்டு வரலாம். அத்தகைய கடைகள் இன்றும் ஊருக்கு ஊர் உண்டு. ஊரில் அப்படியொரு கடை இல்லையென்றால், அங்கு ஓவர்லொக் வாங்கும் பெண் தன் தையலுக்கு மட்டுமன்றி அயலவர் தையலுக்கும் ஓரம் போட்டுக் கூலி பெறலாம். இவ்வழியிற் கவர்ஸ்ரிச்சுக்கு வருமானம் கிடைப்பது அரிது. வீட்டுக்காரர் எவரும் ரீசேட்டை மடிப்பதற்கென்று படியேறி வருவதில்லை.

வாங்குவது என்று தீர்மானித்தவள் கடைக்குப் போகும்போது கடைக்காரர் வைத்திருக்கும் விறைப்பான மாதிரித் துண்டை நம்பாமல், தான் வழக்கமாகத் தைக்கும் துணிகளின் துண்டுகளைப் பையிலே கொண்டுசெல்ல வேண்டும். சீருடைத் துணியை இரண்டாக வைத்து ஓவர்லொக்கில் ஓட்டச் சொல்ல வேண்டும். பின்னர் மூட்டின் மேல் மூட்டு வரும்படி நாலாக மடித்து ஓட்டச் சொல்ல வேண்டும். கத்தி அங்கே தடுமாறினால் அந்த இயந்திரம் காற்சட்டைக்கு ஆகாது. பின்னல் துணியைக் குறுக்குவாட்டில் தைத்து இரு கையாலும் நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். கவர்ஸ்ரிச் ஆயின், பக்கமூட்டைத் தாண்டும் இடத்திலே தையல் தப்புகிறதா என்று அடிப்புறத்தைத் திருப்பி நோக்க வேண்டும். எந்த வகை ஊசி அதற்கு வேண்டும், அந்த ஊசி இவ்வூரிலே கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். மாற்றுக் கத்தி கிடைக்குமா, பழுதானால் திருத்துபவர் எங்கே இருக்கிறார் என்பவற்றை விசாரித்த பின்னர், நூல் முழுவதையும் உருவி எடுக்கச் சொல்லி, கடைக்காரர் பார்த்திருக்க அவளே ஒருமுறை கோத்துப் பார்க்க வேண்டும்.